ஜப்பானியத் தச்சுக் கருவிகளைத் தேர்ந்து வாங்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மற்ற கருவிகளிலிருந்து ஜப்பானியக் கருவிகள் எதில் வேறுபடுகின்றன?

முதல் வேறுபாடு வெட்டும் திசை. ரம்பமும் இழைப்புளியும் இழுக்கும்போது வெட்டுமாறு செய்யப்பட்டவை. தள்ளி அறுக்கும் ரம்பத்தின் தகடு வளைந்துவிடாமல் இருக்க அது தடிப்பாக இருந்தாக வேண்டும். இழுத்து அறுக்கும் தகடோ இழுவிசையாலேயே நேராக நிற்பதால் அதை மிக மெல்லியதாகச் செய்ய முடிகிறது. தகடு மெலிந்தால் வெட்டுத் தடம் குறுகுகிறது, தூளாகப் போகும் மரம் குறைகிறது, கைக்கு வேண்டிய பலமும் குறைகிறது.

இரண்டாவது வேறுபாடு உலோகத்தில் இருக்கிறது. உளியும் இழைப்புளி அலகும் ஒரே உலோகத்தால் ஆனவை அல்ல. மரத்தைத் தொடும் பக்கத்தில் கரிமம் மிகுந்த கடினமான எஃகு ஒரு மெல்லிய அடுக்காகவும், அதற்கு மேல் மென்மையான இரும்பு தடித்த அடுக்காகவும் உலையில் காய்ச்சி அடித்து ஒட்டப்பட்டிருக்கும். இந்த எஃகு ராக்வெல் சி அளவில் பெரும்பாலும் 63 முதல் 65 வரை கடினம் கொண்டது. மேலை நாட்டு உளிகள் பொதுவாக 58 முதல் 62 வரை நிற்கும். அவ்வளவு கடினமான எஃகைத் தனியாக உளியாக்கினால் சம்மட்டி அடியில் உடைந்துபோகும்; தீட்டுவதும் பெரும்பாடாகிவிடும். மென்மையான இரும்பு அடியின் அதிர்வைத் தாங்குவதோடு, சாணைக்கல்லில் எளிதாகத் தேய்ந்து கொடுத்துத் தீட்டும் வேலையையும் குறைக்கிறது.

மூன்றாவது வேறுபாடு அலகின் பின்புறத்தில் கடையப்பட்டிருக்கும் குழிவு. இதை ஜப்பானியர் உரா என்பர். முழுப் பரப்பையும் கல்லில் தட்டையாக்குவதற்குப் பதிலாக, குழிவைச் சுற்றியுள்ள விளிம்பை மட்டும் தட்டையாக்கினால் போதும் என்பதால், கடினமான எஃகைத் தீட்டுவது நடைமுறையில் இயலக்கூடியதாகிறது.

இவை எங்கே செய்யப்படுகின்றன? ஊரின் பெயரைப் பார்த்து வாங்கலாமா?

தச்சுக் கருவிகளுக்கு இரண்டு வட்டாரங்கள் முதன்மையானவை. ஒன்று ஹ்யோகோ மாகாணத்தின் மிகி நகரம். மற்றொன்று நீகாதா மாகாணத்தின் சான்ஜோவும் அதற்கு அருகிலுள்ள யோய்தாவும். ஜப்பானியப் படைத்தலைவர் ஹிதேயோஷியின் படை மிகிக் கோட்டையை முற்றுகையிட்டு 1580-இல் கைப்பற்றிய பிறகு, அழிந்த ஊரை மீண்டும் கட்ட வந்த தச்சர்களையும் கொல்லர்களையும் கொண்டே அவ்வூரின் கருவித் தொழில் வேரூன்றியதாக ஊர் வரலாறு சொல்கிறது. ஓசகாவுக்கு அருகிலுள்ள சகாயும் புகழ்பெற்றதுதான் என்றாலும், அதன் புகழ் சமையல் கத்திகளால் வந்தது.

ஊரின் பெயர் ஒரு நல்ல அறிகுறி மட்டுமே. மிகியிலேயே தனி ஒருவராக உலையில் நின்று அடிக்கும் கொல்லரும் இருக்கிறார், ஆலையில் அச்சில் வெட்டி எடுக்கப்படும் மலிவான உளியும் இருக்கிறது. ஆகவே ஊரைக் கேட்டு நிறுத்திவிடாமல், செய்தவர் யார், எந்த எஃகு, அடித்துச் செய்ததா என்பவற்றையும் கேட்க வேண்டும். இந்தக் கருவிகளின் வரலாற்றையும் செய்முறையையும் கண்ணால் காண விரும்புவோருக்கு, கோபே நகரில் 1984-இல் தொடங்கப்பட்ட தாகெனாகா தச்சுக் கருவி அருங்காட்சியகத்தைவிடச் சிறந்த இடம் இல்லை.

சாமுராய் வாள் செய்த முறையிலேயே இவை செய்யப்படுகின்றன என்பது உண்மையா?

ஓரளவு மட்டும் உண்மை. 1876-இல் பொது இடங்களில் வாள் ஏந்துவது தடைசெய்யப்பட்டபோது வாள் கொல்லர்கள் பிழைப்பிழந்தனர். அவர்களில் பலர் கருவி செய்யத் திரும்பினர். வாள் செய்யும் மரபில் வந்து இழைப்புளி அலகுகளுக்காகப் பெரும்புகழ் பெற்ற சியோசுரு கொரேஹிதே (1874–1957) அந்த மாற்றத்தின் சிறந்த எடுத்துக்காட்டு. ஆனால் தச்சுக் கருவி செய்யும் தொழில் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வளர்ந்திருந்தது. வாளின் பெயரைச் சொல்லி விலையை உயர்த்தும் விளம்பரம் உளியின் வெட்டைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

புதிதாகத் தொடங்குபவர் எதை முதலில் வாங்க வேண்டும்?

முதலில் சாணைக்கற்கள் வாங்க வேண்டும். இதைச் சொன்னால் பலருக்கும் ஏமாற்றமாக இருக்கிறது. ஆனாலும் இதை அழுத்திச் சொல்வது என் கடமை என்று கருதுகிறேன், ஏனெனில் ஜப்பானிய உளியும் இழைப்புளியும் முழுமை பெற்ற பொருளாக வந்து சேர்வதில்லை; கடைசிக் கட்ட வேலையை வாங்குபவரே செய்து முடிப்பார் என்ற எண்ணத்தில்தான் அவை செய்யப்படுகின்றன. தீட்டத் தெரியாதவர் கையில் மிக உயர்ந்த அலகும் மழுங்கிய இரும்பாகவே இருக்கும்.

அதன் பிறகு ஒரு ரம்பம், இரண்டு அல்லது மூன்று உளிகள், ஒரு சுத்தியல், ஒரு மூலைமட்டம். இழைப்புளி கடைசியில் வரட்டும். அதைப் பணிய வைப்பதற்கு வேண்டிய தீட்டும் பழக்கம், உளிகளோடு சில மாதங்கள் உழைத்த பிறகுதான் கைக்கு வரும்.

எந்த ரம்பம் வாங்குவது? தகடு மாற்றக்கூடியதா, கையால் செய்ததா?

தொடங்குபவருக்குத் தகடு மாற்றக்கூடிய ரம்பமே சரி. அதன் பற்களின் நுனி மட்டும் உயர் அதிர்வெண் மின்சாரத்தால் கணநேரத்தில் சூடாக்கிக் கடினமாக்கப்பட்டிருக்கும். நுனியில் தெரியும் கருநீல நிறம் அதன் அடையாளம். அந்தப் பல்லை அரம் தின்னாது, ஆகவே மீண்டும் கூராக்க முடியாது. தேய்ந்தால் தகட்டைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டியதுதான். விலை சில ஆயிரம் யென்னுக்குள் அடங்கிவிடும். மிகியின் ஒகாதா நிறுவனம் செய்யும் ஸெட்ஸோ, வேறொரு நிறுவனம் செய்யும் கியோகுசோ ஆகிய பெயர்கள் நம்பகமானவை.

கையால் செய்த ரம்பம் அழகானது, வாழ்நாள் முழுவதும் உழைக்கக்கூடியது. ஆனால் அதன் பற்களைத் தீட்டுவதே ஜப்பானில் ஒரு தனித் தொழில். குறுக்கே அறுக்கும் பல் ஒவ்வொன்றுக்கும் மூன்று முகங்கள் உண்டு. அவற்றை மெல்லிய இறகு வடிவ அரத்தால் ஒன்றுபோலத் தீட்டி, பற்களின் விரிப்பையும் தகட்டின் இழுவிறைப்பையும் சரிசெய்ய வேண்டும். அதைத் தீட்டித் தர ஆள் இல்லாத இடத்தில் இருப்பவர் அதை வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

வகைகளைப் பொறுத்தவரை, இரு ஓரத்திலும் பல் கொண்ட ரியோபா ஒன்றிருந்தால் பெரும்பாலான வேலை நடக்கும்: ஒரு பக்கப் பல் மரத்தின் ஓட்டத்தோடு கிழிக்கும், மறுபக்கப் பல் குறுக்கே அறுக்கும். 240 மில்லிமீட்டர் நீளம் எல்லா வேலைக்கும் பொருந்தி வரும். நுண்ணிய பொருத்துகளுக்கு, முதுகில் விறைப்புப் பட்டை கொண்ட தோசுகி வேண்டும். அதன் தகடு சுமார் 0.3 மில்லிமீட்டர் தடிப்பே உள்ளது. முதுகுப் பட்டை ஆழத்தைத் தடுக்கும் என்பதால் தோசுகியைப் பலகை அறுக்கப் பயன்படுத்த முடியாது. கதாபா என்பது ஒரு பக்கம் மட்டும் பல் கொண்டு, முதுகுப் பட்டை இல்லாமல் வருவது. ஆழமான அறுப்புக்கு நல்லது.

கடின மரங்களுக்கு இவை தாங்குமா?

ஜப்பானியக் கட்டடத் தச்சு பெரும்பாலும் சுகி, ஹினோகி போன்ற மென்மரங்களைச் சார்ந்து வளர்ந்தது. பல ரம்பங்களின் பல் அதற்கேற்ப நீண்டும் கூர்ந்தும் இருக்கிறது. கருங்காலி, ஈட்டி போன்ற கனத்த மரங்களில் அத்தகைய பல் நுனி உடைவதுண்டு. கடின மரத்துக்கென்று குட்டையான பல்லோடு விற்கப்படும் தகட்டைக் கேட்டு வாங்க வேண்டும், அறுக்கும்போது அழுத்தம் தராமல் ரம்பத்தின் எடையையே வேலை செய்ய விட வேண்டும். உளிகளைப் பொறுத்தவரை, தீட்டும் சரிவைச் சற்று உயர்த்தி 30 பாகைக்கு மேல் வைத்தால் கடின மரத்திலும் முனை நிற்கும்.

உளி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் வகை. மேசைமேல் செய்யும் பொது வேலைக்கு உரியது ஓயிரே நோமி; குட்டையானது, அடித்தும் கையால் தள்ளியும் பயன்படுத்தலாம். கட்டடத் தச்சுக்கு நீண்டு கனத்த தாதாகி நோமி. அடிக்காமல் தள்ளி மட்டுமே செதுக்குவதற்கு நீண்ட கைப்பிடி கொண்ட சுகி நோமி. அதன் தலையில் இரும்பு வளையம் இராது, அதைச் சுத்தியலால் தொடக்கூடாது. புறாவால் பொருத்தின் இடுக்குகளுக்கு, மேற்புறம் கூரைபோல் சரிந்த ஷினோகி நோமி.

அடுத்து பின்புறம். உளியைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால், குழிவைச் சுற்றியுள்ள தட்டையான விளிம்பு இருபுறமும் ஒரே அகலத்தில், முனையை ஒட்டி மெல்லிய நேர்கோடாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகியிருந்தால் அலகு முறுக்கியிருக்கிறது என்று பொருள். முறுக்கை நிமிர்த்த அந்தக் கடின எஃகையே தேய்க்க வேண்டியிருக்கும் என்பதால் அத்தகைய உளியை ஒதுக்கிவிடுவது நல்லது.

பிறகு, முன்பக்கச் சரிவில் எஃகும் இரும்பும் சேரும் கோட்டைப் பாருங்கள். எஃகு பளபளப்பாகவும் இரும்பு மங்கலாகவும் தெரியும். அந்தக் கோடு இடைவெளியோ கருப்புப் புள்ளியோ இல்லாமல் தொடர வேண்டும். கைவேலையில் அது சற்று அலைந்து செல்வது குறையாகாது. எஃகு பக்கவாட்டிலும் சற்று மேலேறி அலகைத் தழுவியிருப்பது அகலமான உளிகளுக்கு வலு தரும். மேற்புறத்தில் தெரியும் மர வரி போன்ற அலங்காரக் கோலம் கண்ணுக்கு இனியதே, ஆனால் அதற்காகத் தரும் கூடுதல் பணம் வெட்டுக்குச் சேர்வதில்லை.

கைப்பிடி சிவப்பு ஓக் அல்லது வெள்ளை ஓக் மரமாக இருந்தால் போதும். மரத்தின் ஓட்டம் கைப்பிடி நெடுக நேராக இருக்கிறதா, அலகும் கைப்பிடியும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தலையிலுள்ள வளையம் பெரும்பாலும் தளர்வாகவே வரும். வாங்கியவர் அதைக் கழற்றி, உட்புறப் பிசிறை அரத்தால் நீக்கி, மர நுனி வளையத்துக்கு மேலே இரண்டு மூன்று மில்லிமீட்டர் தெரியும்வரை இறக்கி, அந்த நுனியை நனைத்துச் சுத்தியலால் சுற்றிலும் நசுக்கி மடக்க வேண்டும். இதைச் செய்யாமல் அடித்தால் சுத்தியல் வளையத்தின்மேல் பட்டு இரண்டும் கெடும்.

பத்து உளித் தொகுப்பு வாங்கலாமா?

வேண்டாம். வழக்கமான தொகுப்பில் 3 முதல் 42 மில்லிமீட்டர் வரை பத்து அகலங்கள் இருக்கும். அவற்றில் பாதி பெட்டியிலேயே கிடக்கும். 6, 12, 24 மில்லிமீட்டர் ஆகிய மூன்றை, அதே பணத்தில் ஒரு படி மேலான கொல்லரிடமிருந்து வாங்குவதே மேல்.

வெள்ளைத் தாள் எஃகு, நீலத் தாள் எஃகு என்கிறார்களே, எது சிறந்தது?

இவை ஷிமானே மாகாணத்தின் யாசுகியில் செய்யப்படும் எஃகு வகைகள். ஆலை ஒட்டும் தாளின் நிறத்தால் பெயர் வந்தது; எஃகின் நிறத்தால் அல்ல. முன்பு ஹிதாச்சி மெட்டல்ஸ் என்றிருந்த அந்த நிறுவனம் 2023 முதல் ப்ரோடீரியல் என்று அழைக்கப்படுகிறது.

வெள்ளைத் தாள் எஃகில் இரும்பும் கரிமமும் தவிர வேறு கலப்பு மிகக் குறைவு. முதல் எண் வகையில் கரிமம் சுமார் 1.3 சதவீதம், இரண்டாம் எண் வகையில் சுமார் 1.1 சதவீதம். இது எளிதில் தீட்டப்பட்டு மிக நுண்ணிய கூர் ஏற்கும்; ஆனால் தோய்ச்சலின்போது, அதாவது காய்ச்சிய எஃகைச் சட்டெனக் குளிர்வித்துக் கடினமாக்கும்போது, வெப்பம் சற்றுத் தவறினாலும் கெட்டுவிடும் என்பதால் கொல்லரின் கைத்திறனைக் கடுமையாகச் சோதிப்பது. நீலத் தாள் எஃகில் டங்ஸ்டனும் குரோமியமும் சேர்க்கப்பட்டிருப்பதால் தேய்மானம் குறைந்து கூர் நீடிக்கும். தீட்டுவதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகும். சூப்பர் நீலம் எனப்படுவதில் வனேடியமும் மாலிப்டினமும் கூட உண்டு.

கல்லில் பழகும் நிலையில் உள்ளவருக்கு வெள்ளைத் தாள் உளியே உகந்தது, ஏனெனில் செய்த வேலையின் பலன் உடனே தெரியும். நீண்ட நேரம் இழைக்க வேண்டிய இழைப்புளி அலகுக்கு நீலத் தாள் பொருந்தும். ஒட்டுப்பலகை, பிசின் கலந்த பலகை போன்றவற்றோடு நாள்தோறும் மல்லுக்கட்டுபவர் அதிவேக எஃகு அலகைக் கருதலாம். இருப்பினும், சராசரிக் கொல்லர் செய்த நீலத்தைவிடத் தேர்ந்த கொல்லர் செய்த வெள்ளை நன்றாக வெட்டும். எஃகின் பெயரைவிடத் தோய்ச்சல் பெரியது.

புதிய இழைப்புளி பெட்டியிலிருந்து எடுத்ததும் ஏன் வேலை செய்வதில்லை?

கன்னா எனப்படும் ஜப்பானிய இழைப்புளி, ஓக் மரக்கட்டை ஒன்றில் ஆப்பு வடிவ அலகு தானே இறுகி நிற்கும் அமைப்பு. திருகு எதுவும் இல்லை. பழைய வடிவில் ஆப்புக் கட்டைகூட இல்லை. கட்டையின் இரு பக்கக் காடிகளே அலகைப் பிடிக்கின்றன. அலகுக்கும் கட்டைக்கும் உள்ள உறவு துல்லியமாக இருந்தால்தான் அது வேலை செய்யும், அந்த உறவோ காற்றின் ஈரப்பதம் மாறினாலே மாறிவிடும். எந்தக் கொல்லரும் கட்டை செய்பவரும் வாங்குபவரின் பட்டறைக் காற்றை முன்கூட்டி அறிய முடியாது.

ஆகவே வாங்கியதும் சில வாரங்கள் அதைப் பட்டறையிலேயே வைத்துப் பழக விட வேண்டும். பிறகு அலகின் பின்புறத்தைத் தட்டையாக்கி, முனையைத் தீட்டி, அலகின் முதுகில் பென்சிலால் கறுப்புப் பூசிக் கட்டையில் செருகி எடுத்தால், கட்டையில் எங்கே இடிக்கிறது என்று கரி ஒட்டிக் காட்டும். அந்த இடத்தை மட்டும் உளியால் மிக மெல்லியதாகச் சுரண்ட வேண்டும். கையால் அழுத்தும்போது அலகின் முனை, அது வெளிவரும் அடித் திறப்பான வாயை எட்டச் சில மில்லிமீட்டர் இருக்கும்போதே நின்று, மீதித் தொலைவைச் சுத்தியல் தட்டுகளால் இறங்க வேண்டும். அவசரப்பட்டு அதிகம் சுரண்டினால் அலகு தளர்ந்துவிடும். பிறகு தாள் ஒட்டித்தான் சமாளிக்க வேண்டியிருக்கும்.

கடைசியாக அடிப்பரப்பு. மேசைபோல முழுதும் தட்டையான அடிப்பரப்பு நுண்ணிய இழைப்புக்கு உதவாது. இழுக்கும் திசையில் முன்முனையும் வாய்க்கு முன்னுள்ள பட்டையும் மட்டும் மரத்தைத் தொட, மற்ற பகுதிகள் மிகச் சிறிதளவு குழிந்திருக்க வேண்டும். பலகையின் ஓரத்தை நேராக்கும் இழைப்புளிக்கு வால்முனையும் தொட வேண்டும். இந்த வேலையைச் செய்து முடித்த கன்னா தரும் பரப்பை எந்த உப்புத்தாளும் தராது; வெட்டப்பட்ட மர நாளங்கள் வாய் மூடாமல் இருப்பதால் பரப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும்.

வாங்கும் அளவு 60 அல்லது 65 மில்லிமீட்டர் அலகு. புகழ்பெற்ற 70 மில்லிமீட்டர் அளவை இழுக்கப் பலமும் பழக்கமும் வேண்டும். மிகியின் சுனேசாபுரோ போன்ற நிறுவனங்கள் தொடக்க விலையிலிருந்தே ஒழுங்கான அலகுகளைச் செய்கின்றன. கட்டையின் முன்முனையில் ஆண்டு வளையங்கள் சீராகத் தெரிகின்றனவா, வெடிப்பு இல்லையா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

சாணைக்கல் எத்தனை வேண்டும்?

1000 அளவுக் கல் ஒன்று, 6000 அல்லது 8000 அளவுக் கல் ஒன்று (எண் கூடக்கூடக் கல்லின் துகள் நுண்ணியது), அவற்றைத் தட்டையாக வைத்திருக்க ஒரு வைரத் தகடு. இம்மூன்றோடு எந்த அலகையும் கண்ணாடிப் பளபளப்புக்குக் கொண்டுவரலாம். கிங், ஷாப்டன், நானிவா ஆகியவை எங்கும் மதிக்கப்படும் பெயர்கள். கல் தேயத் தேயக் குழிவதால் தட்டையாக்கும் தகட்டை விட்டுவிட்டு மூன்றாவது கல் வாங்குவது வீண். கியோத்தோவைச் சுற்றிய மலைகளில் வெட்டப்பட்ட இயற்கைக் கற்கள் அருமையானவை, ஆனால் ஒவ்வொன்றும் ஒரு குணம் கொண்டவை. நேரில் தேய்த்துப் பார்க்காமல் வாங்கக்கூடாது. மின்சாரச் சாணைச் சக்கரத்தில் இவ்வலகுகளைக் காட்டவே வேண்டாம்: முனை சுமார் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் எஃகின் கடினம் இறங்கிவிடும்.

சுத்தியலும் மட்டமும் எப்படிப்பட்டவை?

உளி அடிக்க 375 கிராம் எடையுள்ள கெந்நோ என்னும் சுத்தியல் பொதுவாகப் பொருந்தும். அதன் ஒரு முகம் தட்டை, மறுமுகம் சற்றுக் குவிந்தது. உளிக்குத் தட்டை முகமே. சஷிகனே என்னும் மூலைமட்டத்தின் பின்புறத்தில் அளவுகள் இரண்டின் வர்க்கமூல மடங்கில், அதாவது 1.414 மடங்கு விரித்துக் குறிக்கப்பட்டிருக்கும். உருண்டை மரத்தின் விட்டத்தில் வைத்தால் அதிலிருந்து கிடைக்கும் சதுரத் தூணின் பக்க அளவைக் கணக்கின்றிப் படிக்கலாம். ஷின்வா நிறுவனத்தின் மட்டங்கள் விலை குறைந்தும் துல்லியமாகவும் இருக்கின்றன.

பயன்படுத்திய பழைய கருவிகளை வாங்கலாமா?

கண்பழகியவருக்கு அது புதையல். அலகின் எஃகு எவ்வளவு நீளம் மிச்சமிருக்கிறது என்பது முதல் சோதனை. குழிவு முனைவரை தேய்ந்து மறைந்திருந்தால் வாழ்நாளின் பெரும்பகுதி முடிந்துவிட்டது. பின்புறத்தில் முனைக்கு அருகே குழி விழுந்த துரு இருந்தால் ஒதுக்க வேண்டும், ஏனெனில் அந்தக் குழி ஒவ்வொன்றும் முனையில் ஒரு பல்லாக வெளிப்படும். மேற்புற இரும்பில் உள்ள துரு கவலைக்குரியது அல்ல. மயிரிழை விரிசல், எஃகு இரும்பிலிருந்து பிரிந்த அடையாளம், தீயில் பட்ட நீலநிறம் ஆகிய மூன்றும் கண்டிப்பாக விலக்க வேண்டியவை. புகழ்பெற்ற கொல்லரின் முத்திரையை மட்டும் நம்பிப் பெரும்பணம் தரக்கூடாது; பெயர்கள் வாரிசுகளுக்குக் கைமாறியிருக்கின்றன, போலி முத்திரைகளும் உலவுகின்றன.

நேரில் பார்க்காமல் வாங்கும்போது விற்பவரிடம் என்ன கேட்பது?

செய்தவரின் பெயர், எஃகின் வகை, உலையில் அடித்து ஒட்டியதா அல்லது ஆலையிலேயே ஒட்டி வந்த தகட்டிலிருந்து வெட்டியதா, கைப்பிடி மரம், பின்புறத்தின் தெளிவான ஒளிப்படம், குறை இருந்தால் திரும்பப் பெறுவார்களா. ஒட்டி வந்த தகட்டில் செய்த உளி மோசமானது அல்ல. அதை அடித்துச் செய்ததாகச் சொல்லி விற்பதுதான் மோசம். நல்ல விற்பனையாளர் இக்கேள்விகளுக்கு மகிழ்ந்து விடை சொல்வார். கொல்லரின் பெயரைச் சொல்லாமல் ஜப்பானியக் கைவேலை என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்பவரிடம் வாங்காமல் நகர்ந்துவிடலாம்.

வாங்கிய பின் துருவிலிருந்து எப்படிக் காப்பது?

இவற்றில் துருவேறா எஃகு இல்லை. தீட்டிய ஈரத்தோடு ஓரிரவு விட்டாலே செந்நிறப் படலம் படரும். தீட்டியதும் துடைத்து, உலர்த்தி, ஜப்பானியர் வழக்கப்படி கமேலியா எண்ணெயை ஒரு துணியால் மெல்லியதாகப் பூசி வைக்க வேண்டும். இழைப்புளி அலகை வேலை முடிந்ததும் தளர்த்திவிட்டு, முனை வாய்க்கு உள்ளே இருக்குமாறு வைத்தால் கட்டை வளையாது. ரம்பத் தகட்டில் மரப்பிசின் ஒட்டியிருந்தால் அன்றே துடைத்துவிட வேண்டும், ஏனெனில் பிசின் ஈரத்தை இழுத்து அதன் அடியில் துருவை வளர்க்கும்.